அரை வாளி தாங்கும் நூல்

கேப்டன் கட்டச் சொன்ன தொலைபேசிக் கம்பியை நான் கத்தியால் அறுத்தேன். வரிசையாக நின்ற ஆறு ஒட்டகங்களுக்கு நடுவே ஐந்து இடங்களில் கட்டியிருந்தார்கள். ஐந்தையும் அறுத்துச் சுருட்டி அவர் காலடியில் போட்டேன்.

"என்னம்மா பண்றே நீ?" என்றார் கேப்டன் ஸவ்யாலவ். குரலை உயர்த்தவில்லை. அவர் மெதுவாகப் பேசும்போதுதான் பயப்பட வேண்டும் என்று பீரங்கிக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"உங்க ஆளுங்க பண்ணின தப்பைச் சரி பண்றேன், தோழர் கேப்டன்."

1942, டிசம்பர் நடுப்பகுதி. ஸ்டாலின்கிராடுக்குத் தெற்கே, மரமே இல்லாத புல்வெளி. மூன்று வாரங்களுக்கு முன்னால் எங்கள் படைகள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து கைகோத்து, நகரத்துக்குள் இருந்த ஜெர்மன் படை முழுவதையும் வளைத்துவிட்டன. இப்போது அந்த வளையத்தை வெளியிலிருந்து உடைக்க, கோத்தெல்னிகவோ பக்கமிருந்து அவர்களுடைய டாங்கிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. வளையம் நின்றால் போர் திரும்பும். உடைந்தால் அந்தக் கோடை முழுக்க நாங்கள் பார்த்த ஓட்டம் மறுபடி தொடங்கும். சமையல்காரரிலிருந்து ஒட்டகக்காரி வரை எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

அன்றைக்கு எங்கள் பங்கு மிகச் சின்னது. எதிரே ஏழு கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் உப்புச் சேற்றுவெளி. அதற்கு அப்பால் தாழ்வான ஒரு மேடு. மேட்டுக்கும் ஓடைப் பள்ளத்துக்கும் நடுவே நெருக்கியடித்துப் போகும் சாலையில்தான் டாங்கிகள் வந்தாக வேண்டும். டாங்கிக்கு முகத்தில் தோல் தடிமன், விலாவில் மெல்லிசு. அந்தச் சாலையில் வரும் டாங்கி தன் விலாவை மேட்டுக்குக் காட்டாமல் நகர முடியாது. மேட்டில் இருநூறு காலாட்படையினர் இருந்தார்கள். அவர்களிடம் துப்பாக்கியும் பெட்ரோல் நிரப்பிய பாட்டிலும்தான் இருந்தன. விலாவைத் துளைக்கும் பீரங்கி எங்களோடு இந்தக் கரையில் நின்றது. டாங்கிகள் நண்பகலுக்குள் வந்துவிடும் என்று வேவுக்காரர்கள் சொன்னார்கள். சுற்றிப் போகும் பாதை எதிரி கையில். பீரங்கியை இழுக்க வந்த டிராக்டர் விடியற்காலையில் தரையைச் சோதிக்கத் தனியாகச் சேற்றுவெளிக்குள் முந்நூறு அடி போனது. இப்போது அதன் புகைக்குழாய் மட்டும் வெளியே தெரிந்தது.

மேடு அங்கே, பீரங்கி இங்கே. நண்பகலுக்குள் இரண்டும் சேர வேண்டும்.

"டிசம்பர் மாசம், மைனஸ் பன்னண்டு டிகிரி. சேறு ஏன் உறையலை?" என்று கேப்டன் முதலில் கேட்டபோது எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. காரணம் கேட்பவரிடம் பேசலாம்.

உப்பு கலந்த தண்ணீர் லேசில் உறையாது. உப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிடிவாதம். மேலே கையகலத் தடிமனுக்கு ஓடு மாதிரி இறுகும், அடியில் கூழாகவே கிடக்கும். அந்த ஓடு எவ்வளவு தாங்கும் என்பது மேலே வருவதன் எடையை மட்டும் பொறுத்ததில்லை, அந்த எடை எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. குதிரையின் குளம்பு ஒரு டீ சாஸர். அதன் வழியே குதிரை முழுவதும் கீழே இறங்குகிறது. ஒட்டகத்தின் பாதம் சாப்பாட்டுத் தட்டு. ஊன்றும்போது இன்னும் விரியும். குதிரையைவிடக் கனமான மிருகம், குதிரை புதையும் இடத்தில் நடந்து போகும். பீரங்கிச் சக்கரம் கத்தி மாதிரி, வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் முதல்நாளே ஒரு தொழுவத்தின் இரண்டு கதவுகளைக் கழற்றி, அடியில் கூரைத் தகரம் அடித்து, சறுக்குவண்டி செய்து, பீரங்கியை அதன்மேல் ஏற்றிவிட்டோம். ஒன்றே கால் டன். கதவுகளின் பரப்புக்கு அது ஒன்றுமே இல்லை.

இதுவரைக்கும் கேப்டனுக்கு எல்லாம் சம்மதம். தகராறு மூக்குக் கயிற்றில் வந்தது.

ஒட்டகத்தின் மூக்கு நம் கண்ணிமை மாதிரி மெல்லியது. அதில் துளையிட்டு, விரல் நீளத்தில் ஒரு மரக்குச்சி செருகியிருப்போம். குச்சியிலிருந்து புறப்படும் கயிறு முன்னால் போகும் ஒட்டகத்தின் சேணத்துக்குப் போகும். அது லேசாகச் சுண்டினால் போதும், பின்னது நடக்கும். பாரத்தை இழுப்பது நெஞ்சுப் பட்டையும் அதிலிருந்து வண்டிக்குப் போகும் வடமும். மூக்குக் கயிறு தகவல் சொல்வதோடு சரி.

முன்னது விழுந்துவிட்டால்? கயிறு கெட்டியாக இருந்தால் பின்னதின் மூக்கு கிழியும். மூக்கு கிழிந்த ஒட்டகம் அலறிக்கொண்டு துள்ளும், அதற்குப் பின்னால் நிற்பதின் மூக்கும் கிழியும். ஒன்று விழுந்தால் ஆறும் போச்சு. அதனால் காஸ்பியன் கரையில் எங்கள் ஆட்கள், கயிறு சேணத்தில் சேரும் கடைசி ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டகத்தின் பிடரி ரோமத்திலேயே திரித்த மெல்லிய நூலைக் கட்டுவார்கள். அறுந்துபோவதற்கென்றே கட்டும் நூல். அதற்குப் பதிலாகத்தான் கேப்டன் கம்பியைக் கட்டச் சொல்லியிருந்தார். பின்னாளில் எங்கள் பண்ணைக்கு மின்சாரம் வந்து, ஒரு பீங்கான் கட்டைக்குள் இருந்த சின்னக் கம்பி தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றியபோது, ஊரில் எல்லோரும் அதிசயப்பட்டார்கள். எனக்கு அதிசயமாக இல்லை.

கேப்டனோ கையில் நூலைப் பிடித்துப் பார்த்தார்.

"அறுந்து போகட்டும்னே ஒரு கயிறா?"

"ஆமா."

"ராணுவத்துல அதுக்கு வேற பேரு இருக்கும்மா. நாசவேலை."

"ஒரு வாளி கொடுங்க" என்றேன்.

நூலில் வாளியைத் தொங்கவிட்டு, பாதி வரை தண்ணீர் ஊற்றினேன். தாங்கியது. "இவ்வளவுக்கு அறக் கூடாது. அறுந்தா நடக்கிறப்பவே வரிசை கலைஞ்சிடும்." மீதிப் பாதியையும் ஊற்றினேன். நூல் பட்டென்று விட, ஒரு வாளித் தண்ணீரும் கேப்டனின் பூட்ஸில் விழுந்தது. "இவ்வளவுக்கு அறணும். அறலைன்னா மூக்கு போயிடும்."

பீரங்கிக்காரர்கள் நான்கு பேரும் வேறு திசையில் பார்த்தார்கள். பூட்ஸின் மேல் தண்ணீர் அப்போதே வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியிருந்தது.

"பீரங்கி நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னா," என்றார் கேப்டன், "கட்டளையை மீறினது யாருன்னு எழுதுவேன்."

"எழுதுங்க. என் பேரு த-மெ-லி. எழுத்து தப்பில்லாம எழுதுங்க."

அவர் நிஜமாகவே நோட்டை எடுத்து எழுதினார். "கூட வர்றவன் பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"அவர் என் வீட்டுக்காரரோட தம்பி. புகுந்த வீட்டு ஆம்பளைங்க பேரை நாங்க சொல்றதில்லை."

"இங்க போர் நடக்குதும்மா!"

"நடக்கட்டும். பேரு சொல்றதில்லை."

ஒட்டகங்களுக்குப் பின்னாலிருந்து என் கொழுந்தன் சிரித்தான். ஒரு கண்ணில் பார்வை இல்லாததால் படையில் அவனுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை, ஒட்டகம் கொடுத்தார்கள். அவன் விடாமல் சீழ்க்கை அடிப்பான். அதனால் கல்யாணமான வாரமே நான் அவனுக்குச் சீழ்க்கை என்று பெயர் வைத்துவிட்டேன்.

"விடுங்க, தோழர் கேப்டன். பதிமூணு வருஷமா அண்ணி என் பேரைச் சொன்னதில்லை. ஜெர்மன்காரன் பிடிச்சு அடிச்சாலும் சொல்ல மாட்டாங்க. இந்த மாதிரி ஆளு உங்க படையில வேற யாரு இருக்கா?"

எட்டரை மணிக்குக் கிளம்பினோம். முதலில் நான். எனக்குப் பின்னால் சிப்பாய்கள் தளபதி என்று பெயர் வைத்திருந்த பெரிய ஒட்டகம். அதன் பின்னால் மற்ற ஐந்தும் ஒற்றை வரிசையில். இரண்டு பக்கமும் நீண்ட வடம் ஓட, ஒவ்வொரு நெஞ்சுப் பட்டையும் அந்த வடத்தோடு ஒரு மரமுளையால் மாட்டப்பட்டிருந்தது. முளையைத் தட்டினால் அந்த ஒட்டகம் மட்டும் கழன்றுகொள்ளும். கடைசியில் சறுக்குவண்டி. அதற்கும் பின்னால், எடை ஒரே இடத்தில் சேராமல், பத்துப் பத்து அடி விட்டு, குண்டுப் பெட்டிகளைச் சின்னப் பலகைகளில் இழுத்துக்கொண்டு கேப்டனும் பீரங்கிக்காரர்களும்.

"தளபதி மூஞ்சியைப் பாருங்க அண்ணி. நம்ம கேப்டன் மாதிரியே முறைக்குது" என்றான் சீழ்க்கை.

"மெதுவாப் பேசுடா, கேட்கும்."

"எதுக்கு? கேப்டனுக்கா, ஒட்டகத்துக்கா?"

நான்கு கிலோமீட்டர் வரை எல்லாம் நன்றாகப் போனது. ஓடு அடியில் முனகும், வளையும், நிமிரும். அதன் பிறகு சேற்றுவெளியில் இரண்டு நிறம் தெரிந்தது. இடது பக்கம் கறுப்பாக, ஈரம் மாதிரி பளபளக்கும் தரை. வலது பக்கம் வெள்ளை. நான் யோசிக்கவே இல்லை. வெள்ளைக்குத் திரும்பினேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். எங்கள் ஊரில் வெள்ளை என்றால் உப்பு. காஸ்பியன் காற்று பனியைத் தங்க விடாது, துடைத்துக் கொண்டுபோய்விடும். அதனால் சேற்றுவெளியில் வெள்ளையாகத் தெரிவது தடித்த உப்புப் பாளம்தான், வண்டியே போகலாம். கறுப்பு என்றால் சேறு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் கால்களுக்கு இது தெரியும். ஆனால் இந்த இடத்தில் காற்று வேறு. இங்கே வெள்ளையாகக் கிடந்தது பனி. பனி ஒரு பஞ்சுப் போர்வை. அடியில் இருப்பதைக் குளிர விடாமல் போர்த்தி வைக்கும். போர்வை இல்லாத கறுப்புத் தரை, ராவெல்லாம் குளிரைக் குடித்து இறுகியிருந்தது. வெள்ளைக்கு அடியில் ஓடு விரல் தடிமன்கூட இல்லை.

நான் கடந்துவிட்டேன், என் எடைக்கு அது போதும். பின்னால் ரொட்டி பிய்கிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் தளபதி நெஞ்சு வரை உள்ளே.

பட்டென்று நூல் அறுந்தது.

இரண்டாவது ஒட்டகம் குழியின் விளிம்பில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "ஷோக்! ஷோக்!" என்று கத்தினேன். ஐந்தும் அந்தந்த இடத்தில் மடிந்து படுத்தன. படுத்தால் எடை இன்னும் பரவும். சீழ்க்கை ஓடிவந்து தளபதியின் இரண்டு பக்க முளைகளையும் தட்டிவிட்டான். வடம் தளர்ந்தது. வண்டி அசையவில்லை.

கேப்டன் வயிற்றால் ஊர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்தார். தெற்கிலிருந்து ஓர் உறுமல் கேட்கத் தொடங்கியிருந்தது. காற்று அதைக் கொண்டுவந்தது, மறுபடி எடுத்துக்கொண்டு போனது.

"கேக்குதா?"

"கேக்குது."

"என்ன ஆச்சு?"

"தப்பு என்னுது. எங்க ஊர் கணக்கை இங்க போட்டுட்டேன். கறுப்புதான் கெட்டி. இந்த வெள்ளை, மேல கிடக்கிற பனி."

"கறுப்பா? அங்க தண்ணி மின்னுதே!"

"அது தண்ணியில்லை, இறுகின ஓடு. உங்க கத்தியை எடுத்துக் குத்திப் பாருங்க."

அவர் ஊர்ந்து போய்க் குத்தினார். கத்தி எகிறியது. இன்னொரு இடத்தில் குத்தினார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. சேற்றில் கிடந்த தளபதியைப் பார்த்து இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்தார்.

"வேணாம்" என்றேன்.

"அது கஷ்டப்படுது. வெளிய இழுக்க நேரமில்லை. நீயே சொல்லு, நேரம் இருக்கா?"

இல்லைதான். ஐந்து ஒட்டகங்களையும் திருப்பிக் கட்டி, தோண்டி, இழுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் மேட்டில் இருந்த இருநூறு பேருடையது.

"இழுக்கலை. நாம போறோம். ஆனா சுட வேணாம். அது குளிருக்குப் பிறந்தது, தலை மேல இருந்தா தாங்கும். அவன் கூட இருப்பான்."

சீழ்க்கை அதற்குள் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றிச் சேற்றின் மேல் விரித்து, தளபதியின் தாடையை அதன்மேல் தூக்கி வைத்திருந்தான்.

"போங்க அண்ணி. நாங்க ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து ஊர்க்கதை பேசறோம்."

"கோட்டைப் போடுடா, செத்துப் போயிடுவே!"

"போங்கன்னா போங்க! வந்து திட்டுங்க."

இரண்டாவது ஒட்டகம் வாழ்க்கையில் ஒருநாளும் முதலில் நடந்ததில்லை. அதன் மூக்குக் கயிற்றை நானே பிடித்துக்கொண்டு கறுப்பின் மேல் காலை வைத்தேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சேறு. காலுக்குத் தெரிந்தது கல். ஒட்டகம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கயிற்றை மட்டும் லேசாகச் சுண்டினேன். அரை வாளிக்கும் குறைவாக. அது வந்தது. பின்னாலேயே நான்கும் வந்தன. பீரங்கிக்காரர்கள் இரண்டு குண்டுப் பெட்டிகளை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, மற்றப் பலகைகளை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியைத் தோளால் தள்ளினார்கள். கேப்டன் நடுவில் நின்று தள்ளினார். தகரம் கறுப்பு ஓட்டின் மேல் கிறீச்சிட்டுக்கொண்டே ஓடியது.

மேட்டின் அடிவாரத்தில் காலாட்படையினர் இறங்கி ஓடிவந்தார்கள். ஒருவன் ஒட்டகத்தைப் பார்த்து, "இதென்னய்யா, சர்க்கஸா?" என்றான். "ஆமா, நீதான் கோமாளி. வந்து தள்ளு" என்றேன். ஐம்பது கை சேர்ந்து பீரங்கியை மேலே ஏற்றின. மீதிக் குண்டுப் பெட்டிகளை எடுத்துவர இருபது பேர் சேற்றுவெளிக்குள் ஓடினார்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.

நான் ஒட்டகங்களை மேட்டின் பின்புறம் படுக்க வைத்து, நடுவில் படுத்துக்கொண்டேன். அதனால் சண்டையைக் கண்ணால் பார்த்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். கேட்டேன். எங்கள் பீரங்கி சுட்டால் முதலில் தரை உதைக்கும், பிறகுதான் காதுக்கு வரும். எண்ணினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்குப் பிறகு கீழே சாலையில் ஏதோ வெடித்து வெடித்து எரிந்தது. மற்றதைப் பிறகு சொன்னார்கள். முன்னால் போன டாங்கி எரிந்ததும் சாலை அடைபட்டது. பின்னால் வந்தவை விலகப் பார்த்து விலாவைக் காட்டின. மாலை வரை அவர்கள் முட்டிப் பார்த்தார்கள். எங்கள் பீரங்கிக்காரர்களில் ஒருவர் இறந்தார், இருவருக்குக் காயம். மேட்டில் அறுபது பேருக்கு மேல் போனார்கள். சாலையில் நான்கு டாங்கிகள் எரிந்துகொண்டிருந்தன. மற்றவை அன்றைக்கு அந்தச் சாலையைத் தாண்டவில்லை.

அந்த ஒரு மேட்டினால்தான் வளையம் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாரம் அந்த மாதிரி மேடுகள் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு நாளைப் பிடித்து நிறுத்தினார்கள். எங்கள் நாள் அது.

சண்டை ஓய்வதற்காக நான் காத்திருக்கவில்லை. முதல் டாங்கி எரிந்த சத்தம் கேட்டதும் ஐந்து ஒட்டகங்களையும் எழுப்பி, கறுப்பு வழியாகவே திரும்பினேன். தூரத்திலேயே சீழ்க்கைச் சத்தம் கேட்டது. மெட்டு இல்லை, வெறும் மூச்சு. தளபதியின் கண் திறந்திருந்தது. வடத்தை அதன் நெஞ்சுக்குக் கீழே செலுத்தி, ஐந்தையும் கெட்டித் தரையில் நிறுத்தி இழுத்தோம். இந்த முறை அறுந்துவிடக் கூடாத வடம். சேறு அதை விட மனமில்லாமல் விட்டது. வெளியே வந்ததும் தளபதி என் கொழுந்தன் முகத்தில் முழுசாகத் துப்பியது.

"நன்றி சொல்லுது" என்றான். உதடு நீலம். அவனுடைய இடது கால் விரல்கள் இரண்டைப் பிறகு வெட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கேப்டன் நோட்டோடு வந்தார். தலையில் கட்டு. முதல்நாள் எழுதிய பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி, அதில் புகையிலையை உருட்டிப் பற்ற வைத்தார்.

"பாராட்டுக்கு ரெண்டு பேரு அனுப்பணும். உங்க பேரு எழுதிட்டேன். அவர் பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"இது நல்லதுக்கும்மா!"

"எதுக்கா இருந்தா என்ன? ஆஸ்பத்திரிக் கூடாரத்துல இருக்கான். போய் அவனையே கேளுங்க."

"கேட்டேன். 'அண்ணி வாயால சொல்லட்டும், வேடிக்கை பாக்கலாம்'னு சொல்லிட்டான்."

அப்போது இன்னொரு பீரங்கியை இழுக்க உத்தரவு வந்தது. பண்டகசாலைக்காரர் புத்தம்புதுத் தொலைபேசிக் கம்பிச் சுருளை உருட்டிக்கொண்டு வந்தார். கேப்டன் அதைக் காலால் அப்பால் தள்ளிவிட்டு, என் கையிலிருந்த புது நூலை வாங்கிக்கொண்டார்.

"யாராவது ஒரு வாளி கொண்டு வாங்கப்பா."

பாதி ஊற்றினார். தாங்கியது. மீதியையும் ஊற்றினார். அறுந்தது. இந்த முறை பூட்ஸ் காலை முன்கூட்டியே விலக்கி வைத்திருந்தார்.